உயரத்துக்கும் உண்டு ஓர் எல்லை
நகரக் கட்டட விதிகளும் நாம் வாங்கும் வீடும்

நகரங்களில் மக்கள்தொகை பெருகுகிறது, நிலம் பெருகுவதில்லை. ஆகவே வீடுகள் பக்கவாட்டில் பரவ இடமின்றி மேல்நோக்கி வளர்கின்றன. 1959ஆம் ஆண்டில் சென்னை மவுண்ட் ரோட்டில் 14 மாடிகளுடன் எழுந்த எல்.ஐ.சி. கட்டடத்தைக் காண்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து மக்கள் வந்த காலம் ஒன்று உண்டு. இன்று எந்தப் பெருநகரிலும் 14 மாடிக் கட்டடத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மும்பையில் 250 மீட்டரையும் தாண்டிய குடியிருப்புக் கோபுரங்கள் நிற்கின்றன.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்க முனைவோர் பல கேள்விகளைக் கேட்கின்றனர். சதுர அடி என்ன விலை, குடிநீர் வருமா, பள்ளி எவ்வளவு தொலைவு, கிழக்குப் பார்த்த வாசலா என்றெல்லாம் விசாரிக்கின்றனர். ஆனால் அந்த வீடு அமைந்துள்ள மாடி அந்த மனையில், அந்தச் சாலையில், அந்த உயரத்தில் இருப்பதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்பவர் மிகச் சிலரே. கிரயப் பத்திரம் பதிவாகியிருக்கலாம். சொத்து வரி செலுத்தப்பட்டிருக்கலாம். மின் இணைப்பும் இருக்கலாம். இவை யாவும் இருந்தும், அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கு மேல் எழுப்பப்பட்ட மாடி சட்டத்தின் பார்வையில் அனுமதியற்ற கட்டுமானமே. அதில் வாழ்நாள் சேமிப்பை இட்டவர், பிறர் செய்த தவற்றின் விளைவைத் தாம் சுமக்க நேரிடும். எனவே ஒரு கட்டடத்தின் உயரம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதை வீடு வாங்குவோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

உயரத்தைக் கட்டுப்படுத்துவது ஏன்?

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோயின் உறைவிடம் என அக்காலத்தில் கருதப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. கட்டடங்களுக்கு இடையே வெளிச்சம் விழுவதற்காக 63.5 பாகைக் கோண விதியை அது கையாண்டது. கட்டடத்தின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சியை நோக்கி வரையும் சாய்கோடு இந்தக் கோணத்துக்குள் அடங்க வேண்டும். எளிதாகச் சொன்னால், இரண்டுக்கும் நடுவே உள்ள வெளியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் வரையே கட்டலாம். கீழ்த் தளத்தில் குடியிருப்பவருக்கும் வானம் தெரிய வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இன்றைய விதிகளுக்கும் அடிப்படை அதுவே. அதனுடன் வேறு காரணங்களும் சேர்ந்துள்ளன. தீப்பற்றினால் மீட்புப் படையினர் மேல் மாடியை எட்ட வேண்டும். நிலநடுக்கத்தைக் கட்டடம் தாங்க வேண்டும். விமானங்கள் இடையூறின்றி இறங்க வேண்டும். ஒரு தெருவின் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போக்குவரத்தும் எத்தனை குடும்பங்களைத் தாங்கும் என்ற கணக்கும் உண்டு. நான்கு வீடுகள் இருந்த மனையில் நாற்பது வீடுகள் வந்தால், அந்தச் சுமை தெரு முழுவதையும் அழுத்தும். ஆகவே உயர வரம்பு என்பது கட்டுபவருக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம் மட்டுமன்று. அண்டை வீட்டாரின் உரிமையும் அதில் அடங்கியுள்ளது.

விதி வகுப்பவர் யார்?

நாடு முழுவதற்கும் ஒரே உயர விதி கிடையாது. நிலமும் உள்ளாட்சியும் மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகரத் திட்டமிடலையும் கட்டடங்களை ஒழுங்குபடுத்துவதையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டுள்ள தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016 ஒரு வழிகாட்டி. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தம் விதிகளில் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கே அது கட்டாயமாகிறது.

இதனால் ஒரே கட்டடம் ஓரிடத்தில் ஒரு வகையாகவும் மற்றோரிடத்தில் வேறு வகையாகவும் கருதப்படலாம். தேசிய விதித்தொகுப்பின்படி 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடம் உயர் கட்டடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயரமான கட்டடம். தில்லியின் முதன்மைத் திட்டம், 2021இன்படி தனி மனைகளில் எழும் வீடுகளுக்கு உச்ச வரம்பு 15 மீட்டர். கீழே வாகனங்களுக்கான தூண் தளம் அமைத்தால் 17.5 மீட்டர். உறவினர் ஒருவர் வேறு நகரத்தில் ஆறு மாடி கட்டினார் என்பது நம் ஊரில் ஆறு மாடி கட்டுவதற்குச் சான்றாகாது.

உயரம் எங்கிருந்து எதுவரை?

கேட்பதற்கு எளிய கேள்வியாகத் தோன்றினும் பல வழக்குகள் இதிலிருந்தே பிறந்துள்ளன. பொதுவாக மனையைச் சுற்றியுள்ள தரையின் சராசரி மட்டத்திலிருந்தோ, முன்புறச் சாலையின் மட்டத்திலிருந்தோ தொடங்கி, கடைசி மாடியின் மொட்டை மாடித் தளம் வரை உள்ள அளவே கட்டடத்தின் உயரம். கைப்பிடிச் சுவர், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி அறை, படிக்கட்டுக் கூடம் போன்றவை குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் கணக்கில் வருவதில்லை.

இந்தச் சலுகையே சிலருக்கு வழியாகிவிடுகிறது. மின்தூக்கி அறை என்ற பெயரில் எழும் கட்டுமானம் சிறிது காலத்தில் வாடகை வீடாக மாறும். வாகன நிறுத்தத்துக்கென அனுமதி பெற்ற தூண் தளத்தைச் சுவர் வைத்து அடைத்துக் கடையாக்குவதும் உண்டு. வரைபடத்தில் மொட்டை மாடி என்று இருப்பது விளம்பரத்தில் ‘பென்ட்ஹவுஸ்’ என்று விற்கப்படுவதும் உண்டு. இத்தகைய பகுதிகளை வாங்குவோர், வரைபடத்தில் அந்த இடம் எந்தப் பெயரில் குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்தாலே உண்மை விளங்கிவிடும்.

ஒரு மனைக்குப் பல வரம்புகள்

‘இந்த மனையில் எத்தனை மாடி கட்டலாம்?’ என்ற கேள்விக்கு ஒரே விதியைப் பார்த்து விடை சொல்ல இயலாது. ஒவ்வொரு மனையின் மீதும் கண்ணுக்குத் தெரியாத பல கூரைகள் வெவ்வேறு உயரங்களில் விரிந்துள்ளன எனக் கொள்ளலாம். அவற்றுள் எது மிகத் தாழ்வானதோ அதுவே இறுதி வரம்பு. மற்றவை எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை.

முதலாவது, சாலையின் அகலம். முன்புறச் சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் முன் விடும் திறந்தவெளியையும் கூட்டி, அதன் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரம் கூடாது என்பது பல நகரங்களில் நெடுநாள் வழங்கிய விதி. சாலை 9 மீட்டர், முன்வெளி 3 மீட்டர் என்றால் கூட்டுத்தொகை 12. வரம்பு 18 மீட்டர். மாடி ஒன்றுக்கு 3 மீட்டர் எனக் கொண்டால் ஆறு மாடிகள். இப்போது பல மாநிலங்கள், இன்ன அகலமுள்ள சாலையில்தான் உயர் கட்டடம் வரலாம் என நேரடியாகவே வரையறுக்கின்றன. குறுகிய சந்தில் எழும் கோபுரத்துக்குத் தீயணைப்பு வாகனம் சென்று சேர முடியாது என்பதே முதன்மைக் காரணம்.

இரண்டாவது, பக்கவாட்டிலும் பின்புறத்திலும் விட வேண்டிய திறந்தவெளி. கட்டடம் உயர உயர இந்த வெளியும் அகல வேண்டும். தேசிய விதித்தொகுப்பு காட்டும் அளவுகளின்படி 10 மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் வெளி. 15 மீட்டருக்கு 5. 18 மீட்டருக்கு 6. 30 மீட்டருக்கு 10. 55 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 16 மீட்டர். இதன் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். 18 மீட்டர் அகலமுள்ள மனையில் 10 மீட்டர் உயரத்துக்குக் கட்டினால், இருபுறமும் மும்மூன்று மீட்டர் விட்டு 12 மீட்டர் அகலத்துக்கு வீடு அமைக்கலாம். அதே மனையில் 18 மீட்டர் உயரம் வேண்டுமென்றால், இருபுறமும் ஆறாறு மீட்டர் விட வேண்டும். எஞ்சுவது 6 மீட்டர் மட்டுமே. அதில் கட்டுவதால் லாபமில்லை. குறுகிய மனை தன் உயரத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது.

மூன்றாவது, தளப்பரப்புக் குறியீடு. எஃப்.எஸ்.ஐ. என்று வழங்கப்படும் இது, மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைக் குறிக்கும். மனை 2,400 சதுர அடி, குறியீடு 2 எனில் எல்லா மாடிகளும் சேர்ந்து 4,800 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. மாடிக்கு 1,200 சதுர அடி என்றால் நான்கு மாடிகள். 800 சதுர அடி என்றால் ஆறு மாடிகள். குறியீடு நேரடியாக உயரத்தைக் குறிப்பதில்லை. உயரமும் பரப்பும் சேர்ந்து எவ்வளவு கட்டலாம் என்பதைக் கூறுகிறது. மும்பையில் 1991ஆம் ஆண்டு விதிகள் தீவு நகரத்துக்கு 1.33 என்றும் புறநகருக்கு 1.00 என்றும் நிர்ணயித்தன. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு 2.0 என்றும், போதிய அகலமுள்ள சாலையில் எழும் உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை என்றும் வகுத்தன.

நான்காவது, தீயணைப்பு. 15 மீட்டர் என்ற தேசிய வரையறை, சாதாரண ஏணியும் மீட்புப் படையும் எட்டும் உயரத்தோடு தொடர்புடையது. அதற்கு மேல் செல்லும் கட்டடம் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். தனியான தண்ணீர்த் தொட்டியும் அழுத்தக் குழாய்களும் ஒன்றுக்கு மேற்பட்ட படிக்கட்டுகளும் அதற்கு வேண்டும். 45 டன் எடையுள்ள தீயணைப்பு வாகனத்தைத் தாங்கும் பாதை கட்டடத்தைச் சுற்றி அமைய வேண்டும். 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில், ஆபத்து நேரத்தில் மக்கள் ஒதுங்கி நிற்கப் பாதுகாப்புத் தளங்களும் வேண்டும். அந்தத் தளத்தைப் பூட்டிவைப்பதோ, பொருள் கிடங்காக்குவதோ குடியிருப்போர் தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் தீங்காகும்.

ஐந்தாவது, விமானப் பாதை. விமானத் தளத்திலிருந்து 20 கிலோமீட்டர் வரையுள்ள பகுதிகளில் கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் என்பதை வண்ணங்களால் காட்டும் வரைபடங்களை இந்திய விமான நிலைய ஆணையம் தயாரித்துள்ளது. வரைபடத்தில் காட்டிய உயரம் வரை உள்ளாட்சியே அனுமதி தரலாம். சிவப்பு வண்ணப் பகுதியில் ஆணையத்தின் தடையின்மைச் சான்று கட்டாயம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பங்கள் இரண்டு உண்டு. ஆணையம் தரும் அளவு தரையிலிருந்து கணக்கிட்டதன்று. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது. பெங்களூரு போன்ற மேட்டு நில நகரத்தில் மனையே கடல் மட்டத்திலிருந்து 905 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், சான்றில் 950 மீட்டர் எனக் குறித்திருப்பதாகவும் கொள்வோம். கட்டடத்தின் உயரம் 45 மீட்டரைத் தாண்டக் கூடாது. மேலும் உள்ளாட்சிக் கணக்கில் சேராத தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி அறை, அலைவாங்கிக் கம்பம் யாவும் இந்தக் கணக்கில் சேரும். உள்ளாட்சி விதிக்கு உட்பட்ட கட்டடம் விமானப் பாதை விதியை மீறியதாக ஆவது இவ்வாறே.

ஆறாவது, பண்பாட்டுச் சின்னங்கள். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி அமைந்த விதி இது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் என்ற வரம்பு இருப்பதும் கோபுரத்தின் தோற்றத்தைக் காக்கவே. சண்டிகர் நகரின் முதற்கட்டத் துறைகளில் மாடிகளின் எண்ணிக்கையை மூன்றாக வரையறுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் பணித்தது. அந்நகரை வடிவமைத்த லெ கோர்பூசியரின் திட்டம் சிதையாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஏழாவது, மண்ணின் தன்மை. சிம்லா மலைச்சரிவில் இரண்டு மாடிகளும் அதன் மேல் ஒரு பரணுமே கட்டலாம் என தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, நகருக்கென வகுக்கப்பட்ட வளர்ச்சித் திட்டத்தின்படி நடக்க வழிவிட்டது. விதிகள் காலத்தால் மாறக் கூடியவை. அனுமதி பெற்ற நாளில் எந்த விதி நடைமுறையில் இருந்தது என்பது முக்கியம் என்பதற்கும் சிம்லா ஓர் எடுத்துக்காட்டு.

அனுமதியும் உறுதியும்

உயரத்துக்கு அனுமதி இருப்பதும் கட்டடம் உறுதியாக இருப்பதும் ஒன்றல்ல. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் உயிரிழந்தனர். மாடிகளுக்கான திட்ட அனுமதி பெறப்பட்டிருந்த கட்டடம் அது. பின்னர் அதனருகே இருந்த மற்றொரு கோபுரமும் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. கீழ்த் தளத்தில் சுவரின்றித் தூண்கள் மட்டுமே கொண்டவை அவற்றுள் பல.

பழைய வீட்டின் மேல் மாடி எடுக்க விரும்பும் வாடிக்கையாளர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு மாடிக்கென இட்ட அடித்தளம் நான்கு மாடியைத் தாங்கும் என்று ஊகத்தால் முடிவு செய்யலாகாது. அனுமதியோடு, கட்டமைப்புப் பொறியாளரின் சான்றும் இன்றியமையாதது.

வரம்பு மீறியவற்றுக்கு நேர்ந்தது

மும்பையின் பிரீச் கேண்டி பகுதியில் 36 மாடிகளுடன் எழுந்த பிரதிபா என்ற கட்டடம், அனுமதிக்கப்பட்ட தளப்பரப்பை மீறியதாகக் கண்டறியப்பட்டது. மேல் எட்டு மாடிகளை இடிக்குமாறு மாநகராட்சி பிறப்பித்த ஆணையை 1991இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த மாடிகள் இடிக்கப்பட்டன.

அதே நகரின் வொர்லியில் உள்ள காம்பா கோலா வளாகத்தில் 1980களில் ஏழு கட்டடங்கள் எழுந்தன. ஐந்தாறு மாடிகளுக்கே அனுமதி இருந்த அந்த இடத்தில் ஒரு கட்டடம் 20 மாடிகளைத் தொட்டது. அங்கு வீடு வாங்கியோர் பல ஆண்டுகள் குடியிருந்தனர், பிள்ளைகளை வளர்த்தனர். 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மாடிகளுக்குப் பாதுகாப்பளிக்க மறுத்தது. 2014 ஜூனில் அனுமதியற்ற வீடுகளுக்கான மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நெடுங்காலம் குடியிருந்தது அவர்களுக்கு உரிமையைத் தரவில்லை.

நொய்டாவின் எமரால்டு கோர்ட் வளாகத்து இரட்டைக் கோபுரங்களின் கதை நாடறிந்தது. ஏறத்தாழ 100 மீட்டர் உயரம் எழுந்த அக்கோபுரங்கள் உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதலோடுதான் கட்டப்பட்டன. ஆனால் அருகிலுள்ள குடியிருப்புக்கும் கோபுரத்துக்கும் இடையே விதிப்படி குறைந்தது 16 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 மீட்டரே இருந்தது. ஏற்கெனவே குடியிருந்தோரின் இசைவும் பெறப்படவில்லை. அவர்களே வழக்குத் தொடுத்தனர். 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்க ஆணையிட்டது. வீடு வாங்கியோருக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தருமாறும் பணித்தது. 2022 ஆகஸ்ட் 28 பிற்பகலில் ஏறத்தாழ 3,700 கிலோ வெடிபொருளால் இரு கோபுரங்களும் சில விநாடிகளில் தரைமட்டமாயின. விதிக்கு முரணாக அதிகாரிகள் வழங்கிய அனுமதி, அனுமதியாகவே கருதப்படாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

2022 ஜூலையில் மும்பை விமான நிலையத்தை ஒட்டி உயர வரம்பை மீறிய 48 கட்டடங்களின் கூடுதல் பகுதிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் பணித்ததையும் இங்கே நினைவுகூரலாம். இந்த வழக்குகள் அனைத்திலும் ஓர் உண்மை பொதுவாக உள்ளது. விற்றவர் பணத்தை முன்பே பெற்றுவிடுகிறார். இன்னலின் பெரும் பங்கு குடியேறியவருக்கே வந்து சேர்கிறது.

வங்கி ஏன் இத்தனை ஆவணங்களைக் கேட்கிறது?

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வாடிக்கையாளர்கள், வங்கி கேட்கும் ஆவணங்களின் நீண்ட பட்டியலைக் கண்டு சலிப்படைவதுண்டு. அவற்றின் பின்னணியை அறிந்தால் அந்தச் சலிப்பு குறையும். தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2006 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது. கட்டுமானத்துக்குக் கடன் வழங்குமுன் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பெற வேண்டும். வரைபடத்தை மீறிக் கட்டமாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைக் கடன் பெறுபவரிடம் வாங்க வேண்டும். கட்டுமானம் வரைபடத்தின்படி நடைபெறுகிறதா என்பதை வங்கி நியமிக்கும் கட்டடக் கலைஞர் சான்றளிக்க வேண்டும் என்றும் அது கூறியது.

2024 டிசம்பர் 17 அன்று, மீரட் நகரைச் சேர்ந்த அனுமதியற்ற கட்டடம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்தும் பல வழிகாட்டுதல்களை வழங்கியது. கட்டுமானக் காலம் முழுவதும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டட இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும். பணி நிறைவுச் சான்றிதழோ குடியேறுவதற்கான சான்றிதழோ பெற்ற பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும். கட்டடத்தைப் பிணையாகக் கொண்டு கடன் வழங்குமுன் வங்கிகள் அச்சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். செலவிட்ட பணத்தையோ, கடந்துபோன காலத்தையோ, அதிகாரிகளின் செயலின்மையையோ காட்டி அனுமதியற்ற கட்டுமானத்தை நியாயப்படுத்த இயலாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.

வாடிக்கையாளர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வங்கி செய்யும் ஆய்வு, தான் கொடுக்கும் கடனுக்குரிய பிணையைக் காப்பதற்கானது. ‘வங்கியே கடன் கொடுத்துவிட்டது, ஆகவே கட்டடம் சரியானது’ என்று முடிவு கட்டுவது முறையன்று. வாங்குபவர் தம் பங்குக்குத் தனியே ஆராய வேண்டும். ஏனெனில் வீடு இடிபட்டாலும் கடன் ஒப்பந்தம் இடிபடுவதில்லை. மாதத் தவணை செலுத்தும் கடமை தொடர்கிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். அதில் எத்தனை மாடிகள், மொத்த உயரம் எவ்வளவு, நீங்கள் வாங்கும் வீடு எந்த மாடியில் எந்த எண்ணுடன் உள்ளது என்று பாருங்கள். பிறகு கட்டடத்தின் எதிரே நின்று மாடிகளை எண்ணுங்கள். வரைபடத்தில் ஐந்தும் நேரில் ஆறும் இருந்தால், மேற்கொண்டு பேச்சைத் தொடர வேண்டியதில்லை.

அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளையும் படியுங்கள். கட்டடம் உயர் கட்டடமாயின் தீயணைப்புத் துறையின் சான்று உள்ளதா, விமான நிலையத்துக்கு அருகிலாயின் ஆணையத்தின் சான்று உள்ளதா, அதன் செல்லத்தக்க காலம் முடியவில்லையா என்று அறியுங்கள். பாதுகாப்புத் துறையின் விமானத் தளம் அருகில் இருந்தால் அத்துறையின் சான்றும் தேவைப்படும்.

புதிய குடியிருப்பாயின், மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டம் பதிவாகியுள்ளதா எனப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டங்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு வாங்குவோருக்கு ஓர் உரிமையைத் தருகிறது. வீடு ஒதுக்கீடு பெற்றோரில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து மூலமான இசைவின்றி அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை மாற்ற இயலாது. பின்னாளில் ஒரு மாடியைக் கூட்டுவதும் இதில் அடங்கும். கூடுதல் மாடி வந்தால் மனையில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கு குறையக் கூடும். தண்ணீரும் மின்தூக்கியும் வாகன இடமும் மேலும் பலரிடையே பகிரப்படும். ஒப்பந்தத்தில் எதிர்கால மாற்றங்களுக்கு இப்போதே ஒப்புதல் தருவதாக ஒரு வரி இருந்தால், கையெழுத்திடுமுன் வழக்கறிஞரின் கருத்தைக் கேளுங்கள்.

கட்டி முடிந்த வீடாயின், பணி நிறைவுச் சான்றிதழின்றி வாங்காதீர்கள். ‘அது பிறகு வந்துவிடும்’, ‘அபராதம் கட்டி வரன்முறை செய்துவிடலாம்’ என்ற வாக்குறுதிகளை நம்பிப் பணம் கொடுப்பது தகாது. வரன்முறை என்பது அரசு அவ்வப்போது வகுக்கும் வரம்புக்குட்பட்ட விலக்கு. அதைக் கேட்டுப் பெறும் உரிமை எவருக்கும் கிடையாது. சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு மேல் மாடி ஒன்று விற்பனைக்கு வந்தால், அந்தக் குறைவின் காரணத்தை ஆவணங்களில் தேடுங்கள்.

வீடு வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை நிகழும் செயல். அதற்கான கடன் 20 ஆண்டுகள் தொடரலாம்; அந்த வீட்டில் வாழ்க்கை அதற்கும் மேல் தொடரும். வரைபடத்தைப் பெற்று மாடிகளை எண்ணிச் சான்றிதழ்களைச் சரிபார்க்கச் சில நாள்கள் போதும். எந்த ஆவணத்தை எப்படிப் படிப்பது என்பதில் ஐயம் எழுந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் வங்கிக் கிளையின் வீட்டுக் கடன் பிரிவை அணுகுங்கள். முன்பணம் கொடுத்த பின் கேட்கும் கேள்வியைவிட, கொடுக்குமுன் கேட்கும் கேள்விக்கே பயன் அதிகம்.